நம் பெயரில் எழுதிய பணம் எங்கே போகிறது?

பட்ஜெட் என்றதும் அது படித்தவர்களின் கணக்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அந்தக் கணக்கில் நமக்கென்றே ஒரு பங்கு உண்டு. 1979-இல் தொடங்கிய சிறப்பு உட்கூறுத் திட்டம்தான் பின்னர் ஆதிதிராவிடர் துணைத் திட்டமானது. மக்கள்தொகையில் நாம் எத்தனை விழுக்காடோ, திட்ட நிதியிலும் அத்தனை விழுக்காடு நமக்கு ஒதுக்க வேண்டும் என்பதே அதன் விதி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. அதாவது, ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய்.

கஜானாவில் நெருக்கடி வந்தால் முதலில் கை வைக்கப்படுவது இந்த ஒரு ரூபாயில்தான். 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தில்லி அரசு இந்த நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்தது. அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார்.

கர்நாடகத்தில் இந்த நிதியைக் காக்க 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும், 2023-24-இல் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதியில் சுமார் 11,000 கோடி ரூபாய் அரசின் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்குப் போனது. அடுத்த ஆண்டு அது 14,000 கோடியைத் தாண்டியது. 'அந்தத் திட்டங்களில் தலித் பெண்களும்தானே பயன்பெறுகிறார்கள்' என்பது அரசின் பதில்.

பயன்பெறுகிறார்கள், உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் தரும் உதவியை எல்லாருக்குமான பணத்திலிருந்துதான் தர வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையே நூற்றாண்டுகளாக உள்ள பள்ளத்தைத் தூர்க்க ஒதுக்கியது இந்தப் பணம். வீட்டுமனை, கழிவுநீர்க் கால்வாய், மாணவர் விடுதி, உயர்கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு அது போய்ச் சேர வேண்டும். பொதுத் திட்டத்தின் செலவை நம் கணக்கில் எழுதினால் தாளில் தொகை சரியாக இருக்கும். விடுதிக் கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

எழுதிக் கொடுத்தது கைக்கு வராத கதை நமக்குப் புதிதல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். அவை எப்படிக் கைமாறின என்பதை நாம் அறிவோம். அவற்றை மீட்க 1994-இல் நடந்த காரணை நிலப் போராட்டத்தில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

கொட்டிவாக்கமும் அந்தப் பழைய மாவட்டத்து ஊர்தான். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது ஊராட்சி போனது. கிராம சபையும் போனது. கேள்வி கேட்க இருந்த இடம் இல்லாமல் ஆனது. 2022-இல் நகரங்களுக்குப் பகுதி சபை வந்தது. அந்தக் கூட்டங்களுக்கு நாம் போக வேண்டும். கிராமத்து வாசகர்களுக்குக் கிராம சபை இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் 2024-இல் இந்த நிதிக்கென்று சட்டம் நிறைவேறியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கர்நாடகத்தைப் பார்த்த பிறகு, சட்டம் வந்துவிட்டது என்று சும்மா இருக்க முடியாது.

மாணவர்களே, பட்ஜெட் ஆவணத்தில் 789 என்ற கணக்குத் தலைப்பைத் தேடுங்கள். அதுதான் நம் பங்கு. எந்தத் துறை எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு செலவிட்டது, உங்கள் ஊர்க் காலனிக்கு என்ன வந்தது என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். வரும் பதிலைச் சபையில் எல்லார் முன்னாலும் உரக்கப் படியுங்கள்.