ஒரு நிமிடம், மூன்று யூனிட்

ஓடும் சக்கரம் – 14

பாரிஸுக்குத் தென்மேற்கே போகும் ஏ10 நெடுஞ்சாலையில், ஆங்கெர்வில்லியே அருகே, ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு தடத்தின் அடியில் செம்புச் சுருள்களைப் புதைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அது வெறும் தார்ச்சாலைதான். ஆனால், அதற்கேற்ற கருவி பொருத்திய லாரியும் பேருந்தும் அதன் மேல் ஓடும்போதே சார்ஜ் ஆகின்றன. நிற்க வேண்டாம், எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். வின்சி நெடுஞ்சாலை நிறுவனமும் இஸ்ரேலின் எலக்ட்ரியானும் பங்கேற்கும் இந்தச் சோதனையில், நல்ல சூழலில் சராசரியாக 200 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் ஏறியதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள்.

200 கிலோவாட் என்றால் எவ்வளவு? நம் வீட்டு மின்கட்டணக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும் லாரி இந்தத் தூரத்தைச் சரியாக ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் பேட்டரியில் சேர்வது மூன்று யூனிட்டும் கொஞ்சமும். பாரம் ஏற்றிய கனரக மின்லாரிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 யூனிட் செலவாகும். அப்படியானால் அந்த ஒன்றரை கிலோமீட்டரை ஓடி முடிக்கவே இரண்டு யூனிட் போய்விடுகிறது. மிச்சத்தில் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடலாம், அவ்வளவுதான். இதை மட்டுமே நம்பி நெடுந்தூரம் போக வேண்டுமானால், நெடுஞ்சாலையில் பாதிக்கு மேல் சுருள் புதைத்தாக வேண்டும்.

மின்சாரம் தாரைத் தாண்டி வண்டிக்குள் ஏறுவதில் மர்மம் எதுவும் இல்லை. ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல்தான். சாலைச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் எழுகிறது. அது வண்டியின் அடியில் உள்ள சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. ஹூட்டின், லெப்லாங் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இந்த வழியில் வண்டி ஓட்ட 1894இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆனால் வழியில் வீணாகும் மின்சாரம் வெகுகாலம் தொல்லை கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் முன்பு நடத்திய சோதனையில் மின்னோட்டம் நொடிக்கு 400 முறை திசை மாறி மாறிச் சுழன்றது. வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது 60 சதவீதம்தான். தென்கொரியாவின் கைஸ்ட் கழகம் அந்தச் சுழற்சியை 20,000 ஆக உயர்த்தியது. 17 செ.மீ. இடைவெளியிலும் 85 சதவீதம் கிடைத்தது.

அந்தக் கைஸ்ட் பேருந்துகள் 2013 ஆகஸ்டில் குமி நகரில் 24 கி.மீ. தடத்தில் ஓடத் தொடங்கின. அந்தச் சாலை முழுவதும் தோண்டவில்லை. இந்த முறைக்குத் தடத்தில் 5 முதல் 15 சதவீதம் வரை பதித்தாலே போதும் என்றது கைஸ்ட். பேட்டரியும் வழக்கமான மின்வண்டியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். வண்டி மேலே வரும்போது மட்டுமே அந்தத் துண்டுக்கு மின்சாரம் போகும். மற்ற நேரத்தில் அது வெறும் சாலை.

பிரான்சில் பாதிச் சாலை, குமியில் பத்தில் ஒரு பங்கு. ஏன் இவ்வளவு வேறுபாடு? பதில் வேகத்தில் இருக்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊரும் பேருந்துக்கு ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நிமிடம் ஆகும். 100 கிலோவாட் கொடுத்தாலே அதற்குள் ஐந்து யூனிட் சேர்ந்துவிடும். இரண்டு மடங்கு திறனில் மின்சாரம் வாங்கியும் நெடுஞ்சாலை லாரிக்கு அதே தூரத்தில் கிடைப்பது இரண்டேகால் யூனிட் கூட இல்லை. நிறுத்தத்தில் ஆளேற்றும் நேரமும் பேருந்துக்கு லாபக் கணக்குதான்.

தோண்டும் செலவு மீட்டர் கணக்கில் வருகிறது. வரவோ நிமிடக் கணக்கில் வருகிறது. வேகம் கூடக் கூட ஒவ்வொரு மீட்டரின் வரவும் குறையும். ஸ்வீடன் ஈ20 நெடுஞ்சாலையில் 21 கி.மீ. மின்சாலை அமைக்கத் திட்டமிட்டு, செலவு கட்டுப்படியாகாமல் 2023இல் ஒப்பந்தப்புள்ளியைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் டெட்ராய்ட் நகரம் இந்த வசதியைத் திறந்தது. அது 14ஆம் தெருவில், நகரத்துக்குள்ளே, சுமார் 400 மீட்டர் மட்டுமே.

எனவே, இந்தத் தொழில்நுட்பத்தை நெடுஞ்சாலையில் பறக்கும் சொந்தக் காருக்கானதாக நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். தினமும் ஒரே தடத்தில் மெல்ல ஓடும் நகரப் பேருந்துக்கும், துறைமுகத்துக்குள் சுற்றும் கண்டெய்னர் வண்டிக்கும், வரிசையில் காத்து நிற்கும் டாக்சிக்கும்தான் போட்ட முதலை இது முதலில் திருப்பித் தரும்.

அப்படியானால் வேகமாக ஓடும் லாரிக்கு வழி? மின்ரயிலைப் போல லாரிக்கும் தலைக்கு மேலே கம்பி கட்டிப் பார்த்தது ஜெர்மனி. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)