டிராக்டருக்குப் பின்னால் ஒரு லாரி அச்சு

திருவண்ணாமலைப் பக்கம் கிணற்றை ஆழப்படுத்துவதென்றால் பாறையோடு மல்லுக்கட்டுவதுதான். வெடித்துப் பெயர்த்த கல்லை மேலே தூக்க வின்ச் வேண்டும். உள்ளூர்ப் பட்டறைக்காரர் அதைப் பழைய லாரியின் பின்னச்சிலிருந்தே செய்துவிடுவார்.

சக்கரம் இருந்த ஒரு பக்கத்தில் கம்பிவடம் சுற்றும் உருளை. மறுபக்க ஆக்சிலை அசையாமல் பூட்டிவிட வேண்டும். சூட்சுமம் இங்கேதான்: ஒரு பக்கத்தைப் பூட்டினால் மறுபக்கம் 2 மடங்கு வேகத்தில் சுழலும், இழுவிசையோ பாதியாகும்.

கணக்குப் போடுவோம். வின்சை ஓட்டுவது டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு; அது நிமிடத்துக்கு 540 சுற்று. லாரி அச்சுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பல்சக்கரம் அதை 6-ல் ஒன்றாக்கினால் 90. ஒரு பக்கம் பூட்டியதால் 180. உருளையின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால், வாளி நிமிடத்துக்குச் சுமார் 170 மீட்டர் ஏறும். கிணற்றைத் தாண்டி மலை தீபத்துக்கே போய்விடும்! அதனால்தான் தண்டுக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு பழைய கியர்பாக்ஸ். அது இன்னொரு முறை 6-ல் ஒன்றாகக் குறைத்தால் வேகம் 28 மீட்டர். இழுவிசையும் 6 மடங்கு கூடும், தேய்மானத்தில் போவது போக.

உருளைப் பக்கத்து பிரேக்கை மட்டும் கழற்றிவிடக் கூடாது. கிளட்சை மிதித்ததும் பாரத்தைத் தாங்குவது அது ஒன்றுதான். பாரம் கீழே இறங்கி நிற்கும்போதும் உருளையில் நாலைந்து சுற்று வடம் மீந்திருக்க வேண்டும். பிசிறு விட்ட வடமா? மாற்றிவிடுங்கள். வாளி அந்தரத்தில் இருக்கும்போது அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம்.