மூன்று கிலோமீட்டர் மௌன நடை: யூத மாணவர்களின் போலந்து பயணம்

பள்ளிச் சுற்றுலா என்றால் பாட்டு, கும்மாளம், செல்ஃபி என்றுதான் நினைப்போம். ஆனால், பல நாடுகளைச் சேர்ந்த யூத மாணவர்கள் ஆண்டுதோறும் போலந்துக்குப் போகும் பயணம் வேறு மாதிரியானது. தங்கள் முன்னோர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதையும், அதற்கு முன் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் நேரில் பார்க்கவே அவர்கள் வருகிறார்கள்.

'வாழ்பவர்களின் நடை' என்ற இந்தப் பயணம் 1988-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேரை நாஜிக்கள் கொன்றார்கள்.

பெயர் எழுதிய பெட்டிகள்

ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். இன்று அது அருங்காட்சியகம். குவியல் குவியலாகச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், வெட்டியெடுத்த தலைமுடி. பெட்டிகளின் மேல் அவற்றின் சொந்தக்காரர்களின் பெயர்கள். திரும்பக் கிடைக்கும் என்று நம்பி எழுதிய பெயர்கள் அவை!

ஹோலோகாஸ்ட் நினைவு நாளில், ஆட்டுக்கடாக் கொம்பான 'ஷோஃபார்' ஊதியதும் நடை தொடங்கும். ஆஷ்விட்ஸிலிருந்து பிர்கெனாவ் முகாம் வரை சுமார் 3 கிலோமீட்டர். 1945 ஜனவரியில் சுமார் 60,000 கைதிகளை நாஜிக்கள் கடும் பனியில் இங்கிருந்து நடத்திச் சென்றார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த 'மரண நடை'க்குப் பதிலாகத்தான் 'வாழ்பவர்களின் நடை' என்ற பெயர். பிர்கெனாவின் தண்டவாளத்தில், இறந்தவர்களின் பெயர் எழுதிய சிறு மரப்பலகைகளை மாணவர்கள் நட்டு வைக்கிறார்கள்.

ஒரே ஒருவர் பெயர்

பல குழுக்கள் ட்ரெப்ளிங்காவுக்கும் செல்கின்றன. அங்கிருந்த முகாமை நாஜிக்களே தடயமின்றி அழித்துவிட்டார்கள். இன்று அங்கே சுமார் 17,000 கற்கள் நிற்கின்றன. அழிக்கப்பட்ட ஊர்களின் பெயர்களைப் பல கற்கள் தாங்கியிருக்கின்றன. தனி மனிதர் ஒருவரின் பெயர் இருப்பது ஒரே ஒரு கல்லில்தான். அவர் யானுஷ் கோர்ச்சாக். மருத்துவர், குழந்தைகளுக்கான எழுத்தாளர், வார்சாவில் அனாதை இல்லம் நடத்தியவர். தப்பிக்க வாய்ப்பு இருந்தும், 1942 ஆகஸ்டில் ஏறக்குறைய 200 குழந்தைகளோடு அவரும் ரயிலேறினார்.

கல்லறை மட்டுமல்ல

இத்தோடு பயணம் முடிந்தால், யூதர்களின் கதையே சாவுதான் என்ற எண்ணத்தோடு மாணவர்கள் திரும்பிவிடுவார்கள். அதனால்தான் கிராகோவின் காஜிமியெஷ் பகுதியும் பட்டியலில் இருக்கிறது. அங்குள்ள 16-ம் நூற்றாண்டு ரெமு வழிபாட்டுக்கூடத்தில் இன்றும் பிரார்த்தனை நடக்கிறது. வார்சாவின் 'போலின்' அருங்காட்சியகம் ஆயிரமாண்டு வாழ்க்கையைச் சொல்கிறது: சந்தை, கல்யாணம், பள்ளிக்கூடம், நாடகம், பத்திரிகை. 'இங்கே இளைப்பாறு' என்பது அந்தப் பெயருக்கு யூதர்கள் சொல்லும் பொருள். அப்படி நம்பித் தங்கியவர்கள் எவற்றையெல்லாம் இழந்தார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் முழுதாகப் புரியும்.

அடுத்து யார் சொல்வது?

முகாம்களில் உயிர் பிழைத்தவர்களும் இந்தப் பயணங்களில் மாணவர்களோடு வந்து, நடந்ததைச் சொல்வதுண்டு. போர் முடிந்தபோது 10 வயதுச் சிறுவராக இருந்தவருக்கே இன்று 90-க்கு மேல் ஆகிறது. நேரில் கண்டவர்களின் குரல் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பாட்டியின் கையைப் பிடித்தபடி அவர் கதையைக் கேட்ட மாணவர்தான், நாளை அதை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்போடுதான் அவர்கள் வீடு திரும்புகிறார்கள்.