கிணற்றுக்குள் ஒளிந்த சிப்பாய்

திருவிடந்தைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரன் குதிராமல் தட்டிக்கொண்டே போனால், யாராவது ஒரு அத்தையோ பாட்டியோ "நித்திய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்திவிட்டு வாருங்களேன்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது பிரதட்சிணம் சுற்றி முடித்ததும் குழந்தைகள் சும்மா இருக்குமா? "கடலுக்குப் போகலாம்" என்று பிடுங்கி எடுக்கும். அடுத்தாற்போல் கோவளம்.

அந்தக் கோவளம் கடற்கரையில் ஒரு கோட்டை இருந்தது. இன்று அந்த இடத்தில் பணக்காரர்கள் வந்து தங்கும் விடுதி இருக்கிறது. 270 வருஷங்களுக்கு முன்னால் அங்கே நடந்த இரண்டு வேடிக்கைகளைச் சொல்கிறேன். வேடிக்கையா, இல்லையா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கோட்டையைக் கட்டியவர் நவாப் அன்வருதீன் கான். 1750-ம் வருஷத் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி, "ஆபத்து, ஆபத்து" என்று அடையாளம் காட்டியது. கோட்டையிலிருந்து ஆட்கள் படகேறிப் போய்ப் பார்த்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் ஒரே புலம்பல்: "மாலுமிகளில் பாதிப் பேருக்கு மேல் நோய் வந்து போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்களையும் கரையில் இறங்கவிடாவிட்டால் நாங்களும் போய்விடுவோம்" என்று. கோட்டைத் தலைவருக்கு இரக்கம் பாதி. நல்ல சன்மானம் கிடைக்கும் என்ற ஆசை மீதிப் பாதி. சரி என்றார். எலும்பும் தோலுமாக 30 பிரெஞ்சுக்காரர்கள் தள்ளாடித் தள்ளாடி உள்ளே வந்தார்கள். அன்று இரவு நோயாளிகள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து, உடைக்குள்ளிருந்து ஆயுதங்களை உருவி, கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்!

சிரிப்பு வருகிறதல்லவா? வரத்தான் வரும். சம்பந்தி வீட்டாரை ஏமாற்ற ஜுரம் என்று போர்த்திக்கொண்டு படுக்கும் நாடகக் காட்சி மாதிரியே இருக்கிறது. அந்த இரவில் காவல்காரர்களில் எத்தனை பேர் தூக்கத்திலேயே மாட்டிக்கொண்டார்கள் என்ற கேள்வி நமக்கு எழுவதே இல்லை. கதை அப்படி ஒரு வேகத்தில் போகிறது.

இரண்டாவது வேடிக்கை 1752-ல். கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிரெஞ்சுக்காரர் பக்கத்திலிருந்து பிடுங்க வேண்டும் என்று சென்னைக் கும்பினியார் ராபர்ட் கிளைவை அனுப்பினார்கள். கிளைவுக்கு அப்போது வயது 27 கூட நிறையவில்லை. கூடப் போன பட்டாளம் எப்படி என்கிறீர்கள்? லண்டன் தெருக்களில் அள்ளிப் போட்டுக் கப்பலேற்றி அப்போதுதான் இறக்கிய 200 வெள்ளைக்காரர்கள். புதிதாகச் சேர்த்த 500 நம் ஊர்ச் சிப்பாய்கள். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே பலருக்குச் சந்தேகம் போலிருக்கிறது! கோட்டையிலிருந்து சுட்டதும் ஓட்டம் பிடித்தார்கள். கிளைவ் குறுக்கே பாய்ந்து, அடித்தும் உருட்டியும்தான் அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. பிறகு ஒரு நாள் பீரங்கி முழங்கியதில், முன்னால் காவல் நின்ற ஓர் ஆளையே காணோம். பல மணி நேரம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எங்கே? ஒரு கிணற்றின் அடியில்!

1840-ல் கிளைவைப் பற்றிக் கட்டுரை எழுதிய மெக்காலே இந்தக் கிணற்றுக் கதையை ரசித்து எழுதியிருக்கிறார். பீரங்கிச் சத்தம், கிணறு, அவ்வளவுதான். படிப்பவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடலாம்.

ஆனால் மெக்காலேக்கு முன்பே, கிளைவின் காலத்திலேயே சென்னையில் இருந்த ராபர்ட் ஓர்ம் என்பவர் இதே சம்பவத்தை எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் இன்னொரு விவரமும் இருக்கிறது. அந்தக் குண்டு ஒரு பாறையில் மோதிச் சிதறியது; தெறித்த சில்லுகளில் 14 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் தலை காட்ட மறுத்தார்கள். அந்தக் காவலாளும் கிணற்றைத் தேடினான்.

இப்போது சிரியுங்கள் பார்க்கலாம்! எனக்கு வரவில்லை. பக்கத்தில் நின்றவன் உடம்பு கிழிந்து விழுவதைப் பார்த்தவனுக்குக் கிணறுதானே தாய் மடி? மெக்காலே பொய் சொல்லவில்லை. அந்த 14 பேரைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். விட்டவுடன் அது ஹாஸ்யமாகிவிட்டது.

(கோட்டை பிறகு விழுந்தது. விழுந்த சேதி தெரியாமல் செங்கற்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையைக் கிளைவ் மறைந்திருந்து தாக்கினார். முதல் வேட்டிலேயே 100 பேர் விழுந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் வேடிக்கைக் கதை கட்டியதாகத் தெரியவில்லை.)

அதற்காக, யுத்தம் என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்கள் கட்சியில் நான் இல்லை. நம் ஊர் ஜனங்களும் இல்லை. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு ஜெர்மானியரின் 'எம்டன்' கப்பல் சென்னைக்கு எதிரே வந்து 100-க்கு மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. துறைமுகத்துப் பக்கம் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில உயிர்கள் போயின. மூட்டை முடிச்சோடு ஊர் காலியாயிற்று. அப்பேர்ப்பட்ட பயத்தை நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? வாலுப் பையனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்! "அவனா? சரியான எம்டன் ஆச்சே!" இன்றைக்கும் சொல்கிறோம். 2006-ல் ஒரு சினிமாவுக்கே 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, பிறகு 'எம் மகன்' என்று மாற்றினார்கள்.

1942 ஏப்ரலில் இன்னொரு ஓட்டம். 5-ம் தேதி கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்று கிலி. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளையே சுட்டுக் கொன்றார்கள். அந்த ஓட்டத்தில் அம்மியை ஏற்றிவிட்டு அரிசியை மறந்தது, பூட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்தது என்று பழைய குடும்பங்களில் ஆளுக்கொரு கதை உண்டு. சொன்னவர்களும் சிரித்தார்கள், கேட்டவர்களும் சிரித்தார்கள். ஆனால் அதே வருஷம் பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள் வீடுகளில் இந்த மாதிரிக் கதை குறைவு. வழியில் யாரையாவது விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

இந்த விஷயம் பெண்களுக்குச் சுலபமாகப் புரியும். பிரசவ வலியில் தான் போட்ட கூச்சலைப் பெற்றவளே சொல்லிச் சிரித்தால், கேட்கும் நாமும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அதையே அவள் புருஷன் நாலு பேர் முன்னால் நடித்துக் காட்டினால்? அவன் முகத்தில் காப்பியை ஊற்றத் தோன்றாதா!

சார்லி சாப்ளின் 1940-ல் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார். ஹிட்லரைக் கோமாளியாக்கிய படம். உலகமே சிரித்தது. 1964-ல் சுயசரிதை எழுதும்போது அவரே சொல்லியிருக்கிறார், ஜெர்மன் முகாம்களில் நடந்த கோரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று. ஹிட்லரைப் பார்த்துச் சிரித்ததற்காக அவர் வருந்தவில்லை. முகாமுக்குள் இருந்தவர்களை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

நம் சினிமாவுக்கு வருவோம். 2000-ம் வருஷத் தீபாவளிக்கு 'தெனாலி' வந்தது ஞாபகம் இருக்கிறதா? கே.எஸ்.ரவிகுமார் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். யுத்தத்துக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழராகக் கமல்ஹாசன். எதைக் கண்டாலும் பயம். அவருக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று ஆரம்பித்துத் தாமே பைத்தியமாகும் டாக்டராக ஜெயராம். அந்த இலங்கைத் தமிழ் பிசகாமல் வர, வானொலியில் நமக்கெல்லாம் குரல் தெரிந்த பி.எச்.அப்துல் ஹமீது உதவினார். கொட்டகைகளில் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. இன்றும் டெலிவிஷனில் போட்டால் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்காதவர்கள் குறைவு.

ஆனால் அந்த 2000-ம் வருஷம் என்ன வருஷம்? ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த வருஷம். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழ, ஜனங்கள் வீடு மாறி வீடு மாறி ஓடிக்கொண்டிருந்த வருஷம். கடலுக்கு அந்தப் பக்கம் பயம் நிஜம்; இந்தப் பக்கம் அதே பயத்துக்கு டிக்கெட்.

அதனால் படம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பெரிய சிரிப்பெல்லாம் யார் தலையில் விழுகிறது? படித்த, பணமுள்ள, பொறாமை பிடித்த டாக்டர் தலையில். அகதி ஜெயித்துக்கொண்டே போகிறான். அங்கே சிரிப்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. தன் பயங்களை அவன் ஒவ்வொன்றாக வரிசையாகச் சொல்லும் இடம் மட்டும் வேறு. எழுதியவரும் நடித்தவரும் கெட்டிக்காரர்கள், சிரிப்பு தானாக வந்துவிடுகிறது. வந்த பிறகு எனக்கு நெஞ்சில் ஏதோ நெருடுகிறது. ஏனென்றால் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாறையும் 14 பேரும் இருக்கக்கூடும்.

உங்கள் குடியிருப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாமி இருந்தால், அடுத்த முறை படம் போடும்போது அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கேள்வி ஒன்றும் கேட்க வேண்டாம். அவர் எங்கே சிரிக்கிறார், எங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.