மேற்படிப்பின் வாயிலில்: கல்முனைக் கரையும் கலைத்துறை ஆராய்ச்சியும்

பட்டப் படிப்பை முடித்த பின்னரும் கல்வியை விடாது தொடர விரும்புவோர் எல்லா நாட்டிலும் உளர். அவருள் மருத்துவமும் பொறியியலும் பயின்றோருக்கு மேற்படிப்பென்பது தொழிலின் அடுத்த படியாகும். மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் முதலாய மனிதப் பண்பியற் கலைகளைப் பயின்றோருக்கோ அஃது அன்னதன்று. அவர் விண்ணப்பிக்கும்பொழுதே, அப்படிப்பு எதற்கு என்னும் வினாவுக்கு இரு வேறு இடங்களில் விடை கூற வேண்டியவராகின்றார். படிவத்திலே எழுதும் விடை ஒன்று. வீட்டிலே சொல்லும் விடை மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. அதனால் எழும் மனக் கலக்கத்தை ஆராய்தற்கு இலங்கையின் கிழக்குக் கரையிலே, மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை தமிழூர்களோடு இடைகலந்து கிடக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் தக்க களமாகும். நெல் விளைவிப்போரும் கடற்றொழிலாளரும் நெசவாளரும் வணிகரும் வாழும் இவ்வூர்களிலே கல்வியின்பால் ஆர்வம் மிகவுண்டு. கல்விக்கெனக் காத்திருக்கும் வசதியோ சிலருக்கே உண்டு.

இக்கரையின் கல்வி வரலாற்றை உரைப்போர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை விடுத்து உரைத்தல் இயலாது. 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற அவர், 1933இல் வரலாற்றிற் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற்கு மேற்படிப்புக்காகச் சென்றார். ஆயின், 1935இல் இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தியெய்தவே, மேற்படிப்பை நிறைவு செய்யாது நாடு திரும்பினார். சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கை முஸ்லிம் என்னும் சிறப்பு அவருக்குரியதாயிற்று. அந்நாளில் அச்சேவையினும் உயர்ந்த பதவி இந்நாட்டவர்க்கு அரிது. ஆதலின் அம்முடிவினை எவரும் குறை கூறார். எனினும், இந்நாட்டுக்கு ஒரு வரலாற்றாசிரியர் அன்று கிட்டாது போயினார் என்பதும் மெய்யே. கைக்கெட்டிய உத்தியோகமும் கைக்கெட்டாத ஆராய்ச்சியும் ஒருங்கே எதிர்நின்றால் எதனைக் கொள்வது என்னும் இக்கட்டு இன்றைய மாணவர் கண்டுபிடித்ததன்று. புலமைப் பரிசில் பெற்றுக் கடல் கடந்து சென்றவரையும் அது விட்டபாடில்லை.

அஸீஸ் அவர்கள் 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அரிசி வரத்து நின்ற காலம் அது. நெல் விளைவைப் பெருக்குதலே அவருக்கு இடப்பட்ட பணி. வயலைப் பார்க்க வந்தவர் பாடசாலையையும் பார்த்தார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. அங்குப் பெற்ற பட்டறிவே 1945இற் கொழும்பிலே நாடு தழுவிய முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. பொருளின்மையாற் படிப்பை இழக்கும் நிலை திறமையுடைய மாணவர்க்கு நேரலாகாது என்பதே அந்நிதியின் நோக்கம். தமக்கு அரசாங்கம் அளித்த வாய்ப்பைப் பிறர்க்குச் சமூகமே அளிக்கலாம் என அவர் கண்டமை கருதற்பாலது. ஓராயிரம் அறிவுரைகளினும் ஒரு மாதச் செலவுப் பணம் மாணவனுடைய அச்சத்தை விரைந்து தணிக்கும்.

ஏனெனில், இவ்வூர்களில் அந்த அச்சத்தின் வேர் ஒருவனுடைய தனி மனத்தில் மட்டும் இருப்பதன்று. இக்கரையின் முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறை வழங்கும் சமூகத்தினர். பெண் மணமுடித்தால் கணவன் அவள் வீட்டிற்கு வந்து வாழ்வான். அவ்வீடு சீதனமாக அவளுக்குரியது. ஆகவே, மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தல் வாப்பாவின் கடன். அவர் தளர்ந்தாலோ மறைந்தாலோ அக்கடன் ஆண் மக்களின் தோளில் ஏறும். இரண்டு தங்கையருக்கு வீடு கட்ட வேண்டிய இளைஞன் ஒருவன், சங்க இலக்கியத்திலோ போர்த்துக்கேயர் கால வரலாற்றிலோ ஆராய்ச்சி செய்ய மூன்று, நான்கு ஆண்டு வேண்டுமென வீட்டிற் கூறுவது எளிதன்று. உம்மா வெளிப்படையாக மறுக்கமாட்டார். அத்திவாரம் இட்டபடியே நிற்கும் வளவை ஒரு முறை பார்ப்பார், அவ்வளவே. இக்கலக்கத்தைச் சோம்பலென்றும் ஊக்கக் குறைவென்றும் எண்ணும் ஆசிரியர் அம்மாணவனுடைய வீட்டைக் கண்டறியாதவராவர்.

மாணவியரின் நிலை சற்று வேறு. இலங்கைப் பல்கலைக் கழகங்களின் கலைப் பீடங்களில் இன்று பெண்களே பெருந்தொகையினர். தன் பெயரில் வீடுடைய பெண் ஒருவகையிற் பிற ஊர்ப் பெண்களினும் உரிமையுடையவள். ஆயினும் அவ்வீடே அவளை ஊரோடு பிணிக்கும் கயிறுமாகும். கணவன் வந்து சேரும் வீட்டில் மனைவி இல்லாதிருத்தல் எங்ஙனம்? வெளிநாட்டுப் பல்கலைக் கழகத்திற்கு விண்ணப்பிக்கும் பெண் தன் மதிப்பெண்ணைப் பற்றி அஞ்சுவதினும் திருமணப் பேச்சினைப் பற்றி அஞ்சுவதே மிகுதி. 1995இல் பல்கலைக் கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக் கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக் கழகம் இவ்வகை மாணவியர் பலருக்குப் பட்டப் படிப்பின் வாயிலைத் திறந்தது. காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவிலே ஒரு பல்கலைக் கழகம் இருப்பதன் பயனைத் தலைநகரத்தில் வாழ்வோர் உணர்வது அரிது.

இனி, வாயிலின் அமைப்பை நோக்குதல் வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகம் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாக வகுக்கின்றது. மூவாண்டுப் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். முதுமாணியும் முதுதத்துவமாணியும் அவற்றின் மேலன. கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாவது. சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பிற் சித்தியெய்தியவருக்கு ஆராய்ச்சிப் பட்டத்தின் வழி குறுகியது. பொதுப் பட்டதாரியோ முதலில் முதுமாணி முதலாய இடைப்படிகளில் ஏறியே அவ்வழியை அடைதல் வேண்டும். முதலாண்டுப் பரீட்சையின் பெறுபேறே பெரும்பாலும் சிறப்புத் துறைக்கான தெரிவுக்கு அடிப்படை. பல்கலைக் கழகத்தின் நடைமுறையைப் புரிந்துகொள்ளுமுன்னரே எழுதிய சில விடைத்தாள்கள் ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்வைப் பல ஆண்டு தள்ளிவைக்க வல்லனவாயிருத்தல் முறையன்று. இவ்விடர் முன்னரே அறிவிக்கப்பட்டால் ஓரளவேனும் குறையும். கல்லூரி ஆசிரியர் உயர்தர வகுப்பிலேயே இதனை எடுத்துரைக்கலாம்.

அடுத்த தடை மொழி. 1960ஆம் ஆண்டளவில் இலங்கைப் பல்கலைக் கழகத்துக் கலைப் பீடத்திலே தமிழும் சிங்களமும் போதனா மொழிகளாயின. அதனால் ஊர்ப் பாடசாலைகளிற் பயின்றோர் பலர் பட்டதாரிகளாயினர். அது பெரும் பேறு. அவர்களே மேற்படிப்புக்கு வெளிநாடு நாடும்பொழுது, தமிழிலே கற்றுச் சிந்தித்த பொருளை ஆங்கிலத்திலே ஆய்வு முன்மொழிவாக எழுத வேண்டியவராகின்றனர். ஆங்கிலப் பரீட்சைக்கு இரவுப் பேருந்தேறிக் கொழும்புக்கோ கண்டிக்கோ செல்லுதலும், அதன் கட்டணத்தைத் தேடுதலும் ஒருபுறம். தம் சொந்தக் கருத்தே அயல்மொழியில் மெலிந்து தோன்றக் காணும் துன்பம் மற்றொரு புறம். தமிழ்த் துறை ஆராய்ச்சியைத் தமிழிலேயே எழுத யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் தமிழ்நாட்டிலும் இடமுண்டு. கல்முனைக்குடியில் 1944இற் பிறந்த எம். ஏ. நுஃமான் அவர்கள் பாடசாலை ஆசிரியராகத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மொழியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கற்பித்தவர். ஆசிரியத் தொழிலினின்று ஆராய்ச்சிக்குச் செல்லும் அவ்வழி நெடியது. ஆயினும் ஊதியத்தை முற்றாக இழவாது நடக்கக்கூடியது.

விண்ணப்பதாரரை மிகவும் வருத்துவது முன்மொழிவின் முதற் பக்கமே. தம்மிடம் ஆராயத்தக்க வினா ஒன்றுமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். பெரிய வினாக்கள் பெரிய நகரங்களிலேயே பிறக்கும் என்பது ஓர் ஆழ்ந்த மயக்கம். இதற்கு மறுப்பாக மேலே கூறிய குடிமுறையையே காட்டலாம். அமெரிக்க அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றிலே தங்கி, அங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாக அமைந்திருக்கும் முறையை ஆராய்ந்து, 1974இற் சிக்காகோப் பல்கலைக் கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2008இல் அவ்வாராய்ச்சியின் விரிவு பெருநூலாக வெளிவந்தது. இன்ன குடியிற் பிறந்தோம், இன்ன குடியிற் பெண் கொள்ளலாகாது என்பது அக்கரைப்பற்றுச் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. தெரிந்ததாதலின் அது வினாவாகத் தோன்றவில்லை, அயலார்க்குத் தோன்றிற்று.

எம். எம். உவைஸ் அவர்களின் வரலாறும் இதனோடு ஒட்டியதே. தென்மேற்குக் கரையிலே பாணந்துறையைச் சார்ந்த அவர், முஸ்லிம்கள் தமிழிலக்கியத்திற்கு ஆற்றிய தொண்டினையே தம் முதுமாணிப் பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொண்டார். 1951இல் இலங்கைப் பல்கலைக் கழகம் அதனை ஏற்றது. 1953இல் அஃது ஆங்கில நூலாக வெளிவந்தது. அதற்கு முன் அத்துறைக்குப் பல்கலைக் கழகப் பாடத்திட்டத்தில் தனியிடம் இல்லை. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியப் பேராசிரியராக அவரே அமர்ந்தார். துறை முதலில் இருந்து ஆய்வு பின் வந்ததன்று. ஆய்வு முதலில் வந்தது.

காரைதீவில் 1892இற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற விபுலாநந்த அடிகளும் இங்கு நினைக்கத்தக்கவர். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர் கலாநிதிப் பட்டம் எதுவும் பெறாமலே அண்ணாமலையிலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழர் யாழினைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்த ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறிற்று. இவரை உதாரணங் காட்டிப் பட்டம் வேண்டாவென மாணவர்க்குரைப்போர் உளர். அது பொருந்தாது. அன்றைய பல்கலைக் கழகம் வேறு, இன்றையது வேறு. இன்று கலாநிதிப் பட்டமின்றிப் பேராசிரியராதல் அரிது. அடிகள் துறவியாதலின் வீடு கட்ட வேண்டிய கடனும் அவருக்கிருந்ததில்லை.

வினா கிடைத்தபின் மேற்பார்வையாளரைத் தேட வேண்டும். தம் பொருளையே நன்கறிந்த ஒருவர் கிட்டாவிடின் முயற்சியைக் கைவிடுவோர் பலர். பேராசிரியர் கைலாசபதி சங்கச் செய்யுளை ஆராயச் சென்ற இடம் பர்மிங்ஹாம் பல்கலைக் கழகம். அங்கு அவரை நெறிப்படுத்திய ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க மொழிப் பேராசிரியர், தமிழறிஞரல்லர். கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுந்த அவ்வாராய்ச்சி 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலாக அச்சேறிற்று. அஸீஸ் அவர்கள் அதிபராயிருந்த கொழும்பு ஸாஹிராக் கல்லூரியிற் பயின்ற கார்த்திகேசு சிவத்தம்பியும் அதே தொம்சனிடம் பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்து 1970இற் பட்டம் பெற்றார். இருவரும் தேடியது தமிழை அறிந்தவரையன்று, தம் வினாவை விளங்கிக்கொள்பவரை. மேற்பார்வையாளருக்கு எழுதும் முதற் கடிதம் இதனாலேயே முக்கியமாகின்றது. அதில் தன்னைப் புகழ்வதினும், அவருடைய நூலொன்றைப் படித்து அதில் எழுந்த ஐயத்தை நான்கு வரியிற் குறிப்பிடுதல் நன்று.

சிபாரிசுக் கடிதம் ஆசிரியர் கையிலுள்ளது. மாணவன் நல்லொழுக்கமுடையவன், கடின உழைப்பாளி, உரிய நேரத்தில் வருபவன் என்று மூன்று வரி எழுதி ஒப்பமிடும் வழக்கம் கிழக்கிலும் வடக்கிலும் நிலைத்துவிட்டது. மணப் பேச்சுக்கு அது போதும். ஆராய்ச்சிக்குத் தெரிவு செய்வோர் காண விழைவது அம்மாணவன் எழுதிய ஒரு கட்டுரை யாது, அதில் அவன் எதனைப் புதிதாகக் கண்டான், ஆசிரியரோடு எதில் முரண்பட்டான் என்பன. இவற்றை எழுத ஆசிரியர் அக்கட்டுரையைப் படித்திருத்தல் வேண்டும். படித்தும் நினைவின்றேல், மாணவனே தன் கட்டுரைப் படியொன்றையும் முன்மொழிவையும் ஒரு திங்களுக்கு முன்னர் அவரிடம் சேர்ப்பித்தல் தகும். கேட்கக் கூசுவதால் இழந்த வாய்ப்புகள் பல.

இவையெல்லாம் முடிந்தபின் வருவது காத்திருப்பு. அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் விண்ணப்பம் டிசம்பரில் முடியும். முடிவு பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வரும். உதவித் தொகையோடு இடம் பெற்றோர் ஏப்ரல் 15க்குள் விடையளித்தல் வழக்கம். இடங்களோ மிகச் சில. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது அங்குள்ள கலைத்துறைகள் பல ஓராண்டுக்குப் புதுச் சேர்க்கையையே நிறுத்தின. அவ்வாண்டு ஆயத்தமாயிருந்தவரின் திறமைக்கும் அம்முடிவுக்கும் யாதொரு தொடர்புமில்லை. மறுப்புக் கடிதங்களிற் காரணம் எழுதப்படுவது அரிது. காரணம் கூறப்படாமையின், மாணவன் அதனைத் தன் ஊரிலும் தன் ஆங்கிலத்திலும் தன் பிறப்பிலும் தேடத் தொடங்குவான். இதற்கிடையே அரசாங்கம் பட்டதாரிகளை ஆசிரியப் பணிக்கு அழைக்கும் அறிவித்தல் வெளிவரலாம். அதற்கு வயதெல்லை உண்டு. அதற்கும் விண்ணப்பித்தல் ஆராய்ச்சிக்குத் துரோகமாகாது. மறு ஆண்டு அதே முன்மொழிவைத் திருத்தி அனுப்புவோர்க்கு முன்னைய உழைப்பிற் பெரும்பகுதி கைகொடுக்கும். ஆங்கிலப் பரீட்சைச் சான்று மட்டும் இரண்டாண்டுக்கே செல்லும். மூன்றாம் முறை விண்ணப்பிப்பவர் மீண்டும் இரவுப் பேருந்தேற வேண்டும்.