வாடிக்கையாளர் மனத்தைக் கணிப்பொறி அளக்குமா?

வீட்டிற்குப் புதிதாக ஒரு மிக்சி வாங்குகிறீர்கள். ஒரு வாரம் கழித்து, அதை விற்ற இணையதளத்தில் இரண்டு வரி எழுதுகிறீர்கள்: “சட்னி அருமையாக அரைபடுகிறது. சத்தம்தான் காதைப் பிளக்கிறது.” எழுதியதை நீங்கள் மறந்துவிடலாம். மிக்சியைத் தயாரித்த நிறுவனம் மறப்பதில்லை. அது போன்ற ஆயிரக்கணக்கான வரிகளைத் திரட்டி, மக்கள் தன் பொருளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய முற்படுகிறது. அத்தனையையும் மனிதர் உட்கார்ந்து படித்து முடியாது. எனவே அந்த வேலை கணிப்பொறியிடம் விடப்படுகிறது.

கணிப்பொறிக்கு மகிழ்ச்சியும் தெரியாது, கோபமும் தெரியாது. அப்படியானால் ஒரு வாசகம் புகழ்ச்சியா, குறையா என்பதை அது எவ்வாறு கண்டுகொள்கிறது?

சொற்களை எண்ணுதல்

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாங், லீ, வைத்தியநாதன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். பாராட்டும் திரைப்பட விமர்சனங்கள் 700, குறை கூறும் விமர்சனங்கள் 700 ஆகியவற்றைச் சோதனைக்குத் தேர்ந்தனர். மாணவர் இருவரிடம், பாராட்டைக் காட்டும் சொற்களையும் குறையைக் காட்டும் சொற்களையும் பட்டியலிடச் சொன்னார்கள். அப்பட்டியல்களைக் கொண்டு பிரித்தபோது 58 விழுக்காடும் 64 விழுக்காடுமே சரியாக வந்தன. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 விழுக்காடு சரியாகிவிடும் அல்லவா? பின்னர், எந்தச் சொல் எந்தப் பக்கம் மிகுதி என்பதை விமர்சனங்களிலிருந்து கணிப்பொறியே கற்குமாறு செய்தனர். இப்போது ஏறத்தாழ 83 விழுக்காடு சரியாக வந்தது.

இக்கற்றலின் ஒரு முறையைச் சிறு கணக்கால் விளக்கலாம். மிக்சி பற்றிய 100 பாராட்டுகளும் 100 குறைகளும் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ‘அருமை’ என்ற சொல் 40 பாராட்டுகளிலும் 5 குறைகளிலும் வருகிறது. விகிதம் 8 : 1. ‘சத்தம்’ என்ற சொல் 10 பாராட்டுகளிலும் 30 குறைகளிலும் வருகிறது; விகிதம் 1 : 3. உங்கள் வரிகளில் இரண்டு சொற்களும் உள்ளன. அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டு விகிதங்களைப் பெருக்கினால் 8 : 3 கிடைக்கும். அதாவது, நீங்கள் எழுதியது பாராட்டாக இருப்பதற்கான நிகழ்தகவு 8/11. சுமார் 73 விழுக்காடு.

கணக்கு சரிதான். ஆனால் ‘பாராட்டு’ என்று முத்திரை குத்தியதும், பொறியாளருக்கு உண்மையில் தேவையான செய்தி, அதாவது சத்தம், மறைந்துவிட்டதே! இக்குறையைப் போக்க 2004இல் ஹூ, லியு என்ற இருவர் வேறொரு முறையை வகுத்தனர். முதலில் பொருளின் உறுப்புகளையும் பண்புகளையும் பிரித்து, பின் ஒவ்வொன்றைப் பற்றியும் மக்கள் கூறும் கருத்தைத் தனியே எண்ணுவது அம்முறை. அரைக்கும் திறனுக்கு ஒரு கணக்கு; சத்தத்திற்கு வேறொரு கணக்கு.

தடுமாறும் இடங்கள்

“நல்ல நடிகர்கள், நல்ல இசை, நல்ல படப்பிடிப்பு, ஆனாலும் படம் தேறவில்லை.” இதில் ‘நல்ல’ என்ற சொல் மூன்று முறை வருகிறது, முடிவோ நேர்மாறானது. சொற்களை மட்டும் எண்ணும் கணிப்பொறி இங்கே ஏமாறும். “நன்றாக உழைத்தது, இரண்டே நாள்!” என்ற கேலியும் அப்படியே. சொற்களின் வரிசையையும் சூழலையும் சேர்த்துக் கணக்கிடும் இன்றைய மொழி மாதிரிகள் வெகுவாக முன்னேறியுள்ளன. எனினும் கேலி இன்னும் கடினமான பாடமே.

தமிழில் வேறொரு சிக்கலும் உண்டு. ‘பிடிக்கும்’, ‘பிடிக்கவில்லை’ என்பவற்றில் மறுப்பு தனிச் சொல்லாக நிற்பதில்லை, சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில், ஆங்கிலச் சொற்களும் கலந்து எழுதுகிறோம். இத்தகைய 15,744 யூடியூப் கருத்துரைகளை மனிதர்களைக் கொண்டு வகைப்படுத்தி, கணிப்பொறிக்குப் பாடமாகத் தரும் தொகுப்பு ஒன்று 2020இல் வெளியாயிற்று.

பேசாதவர்கள் எங்கே?

கணிப்பொறி ஒரு பிழையும் இன்றிப் படித்துவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் விடை தவறக்கூடும். எப்படி?

மிக்சி வாங்கியவர்கள் 1000 பேர். அவர்களில் 900 பேருக்குத் திருப்தி. 100 பேருக்கு இல்லை. திருப்தியுற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் எழுதுகிறார். ஆக 9 பேர். மனம் நொந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் எழுதுகிறார்; ஆக 25 பேர். மொத்தம் 34 கருத்துகளில் 25 குறைகள். ஏறக்குறைய 74 விழுக்காடு! உண்மையில் குறையுள்ளவர்களோ 10 விழுக்காட்டினரே. இந்த எண்ணை நம்பி நிறுவனம் ஒரு நல்ல பொருளையே கைவிட்டுவிடலாம்.

இது கற்பனைக் கணக்கு. சாய்வு எதிர்ப்பக்கமாகவும் அமையலாம். அமேசான் தளத்து மதிப்பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உச்ச மதிப்பெண்கள் மிக அதிகமாகவும், அடிமட்ட மதிப்பெண்கள் ஓரளவும், நடுத்தரமானவை குறைவாகவும் இருக்கக் காணப்பட்டது. ஆனால் ஓர் இசைத்தட்டை மாணவர் குழுவிடம் கொடுத்து, எல்லோரையும் மதிப்பெண் இடச் சொன்னபோது, நடுத்தர மதிப்பெண்களே மிகுந்தன. இதிலிருந்து என்ன தெரிகிறது? தாமாக முன்வந்து பேசுபவர்கள் பெரும்பாலும் இரு கோடிகளில் நிற்பவர்கள். இடையில் உள்ளவர்கள் பேசுவதில்லை.

அடுப்பருகே வெப்பமானியை வைத்துவிட்டு, அது காட்டும் அளவை வீட்டின் வெப்பநிலை என்று சொல்வோமா? கருவியில் பழுதில்லை, வைத்த இடம்தான் தவறு. ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: அளவைப் படிக்கும் முன், கருவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நமக்கு இதில் என்ன?

இரண்டு செய்திகள். ஒன்று, “நூற்றுக்கு எண்பது பேர் விரும்புகின்றனர்” என்று யாரேனும் கூறினால், “எந்த நூறு பேர்?” என்று கேளுங்கள். பொருள் வாங்கும்போது மட்டுமல்ல; எந்தக் கருத்துக் கணிப்பைப் படிக்கும்போதும் இக்கேள்வி உதவும்.

மற்றொன்று, பொதுவெளியில் எழுதுவது எவர் காதிலும் விழும். தனிமனிதத் தகவல்களைக் காக்க 2023இல் நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவல்களுக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. ஆகவே மிக்சியின் சத்தத்தைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். பொறியாளருக்கு அது பயன்படும். வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனோடு சேர்க்காதீர்கள். மிக்சி நன்றாகவே ஓடினாலும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பேசாதவர்களில் ஒருவர் குறைவார். கணக்கும் அந்த அளவுக்கு உண்மையை நெருங்கும்.