பொம்மிடிக்கு எந்தக் காற்றில் மழை?

ஆடி மாதத்தில் பொம்மிடி ரயில் நிலையத்தில் நின்று தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலையுச்சியைக் கருமேகம் மூடியிருக்கும். மலைமேல் தூறலும் இருக்கும். ஆனால் அடிவாரத்து மானாவாரி நிலங்களில் புழுதிதான் பறக்கும். "இவ்வளவு மேகம் வந்தும் மழை இறங்கவில்லையே" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. இதற்கு விடை காண மேகத்தை விட்டுவிட்டு அதைச் சுமந்துவரும் காற்றைக் கவனிக்க வேண்டும்.

கடலின் மீதோ பெரிய நிலப்பரப்பின் மீதோ பல நாட்கள் தங்கும் காற்று, அந்த இடத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பரந்து, ஒரே தன்மையுடன் நகரும் இக்காற்றுக்குக் காற்றுத் திரள் என்று பெயர். முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் நார்வே நாட்டின் பெர்கன் நகர விஞ்ஞானிகள் குளிர்ந்த திரளும் வெப்பத் திரளும் மோதும் எல்லையில் மழை பெய்வதை விளக்கினர். நமது பகுதியில் குளிர், வெப்பம் என்பதைவிட ஈரம், வறட்சி என்ற வேற்றுமையே பெரிது.

தென்மேற்குப் பருவக் காற்று இந்துமகா சமுத்திரத்தின் தென்பகுதியில் பிறந்து, பூமத்திய ரேகையைத் தாண்டி, அரபிக்கடல் வழியாக நிறைந்த ஈரத்துடன் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, பெரும்பகுதி நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. பிறகு கிழக்கே இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் சூடேறுகிறது. சூடேறிய காற்றில் மேகம் கரையும். ஆகவே ஆனி, ஆடியில் நம்மிடம் வந்து சேர்வது ஈரம் இழந்த, வேகம் குறையாத காற்று. அது மழை தராததோடு மண்ணில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிச் செல்லும்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற சொல்லை நான் குறை கூறவில்லை. 'தேடி' என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு தூறலை நம்பிச் சாமையையும் நிலக்கடலையையும் விதைத்துவிட்டு, பிறகு பத்து நாள் மேல்காற்று வீசினால் முளைத்ததும் காய்ந்துவிடும். விதைக்கடலைக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் இது சிறிய நஷ்டமல்ல. ஒரே மழையில் 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்து, அரைச் சாண் ஆழத்துக்காவது மண் நனைந்த பின்பே விதைப்பது நல்லது.

ஆவணியில் நிலைமை மாறத் தொடங்குகிறது. மேல்காற்று தளரும் நாட்களில் வங்காள விரிகுடாவின் ஈரக் காற்று கிழக்கிலிருந்து உள்ளே வருகிறது. பகல் வெயிலில் சூடான தரை அதை மேலே தள்ள, மாலையில் இடி மழை பெய்கிறது. தர்மபுரி மாவட்டத்தில் புரட்டாசியும் ஐப்பசியுமே மழை மிகுந்த காலம். காலையில் காற்று அடங்கி, பகலில் புழுக்கம் கூடி, பிற்பகலில் காற்று கிழக்கே திரும்பினால் மழையை எதிர்பார்க்கலாம். ஆடியில் விதைக்கத் தவறியவர்கள் புரட்டாசியில் கொள்ளு விதைத்து இந்த ஈரத்தைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவக் காற்று ஆசிய நிலப்பரப்பிலிருந்து வறண்டே புறப்படுகிறது. அதற்கு ஈரம் ஏற்றுவது வங்கக் கடல். கரையோரத்தில் பெய்து, ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைகளையும் கடந்து நம்மிடம் வருவதற்குள் அதன் வலு குறைந்துவிடும். பின்னர் சேர்வராயனின் வடபுறச் சரிவில் ஏறும்போது மீண்டும் மழை தருகிறது. வாணியாறு அணைக்கு நீர் வருவது இம்மலையிலிருந்துதான்.

ஆனால் கடல் காற்று எப்போதும் வலுவிழந்தே வரும் என்று இருந்துவிட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல், பல மணி நேரம் அங்கேயே நகராமல் நின்று, பிறகு வலுக்குறைந்து உள்நாட்டுக்குள் வந்தது. புயல் காற்று ஓய்ந்துவிட்டது என்று எண்ணிய நேரத்தில், அது இழுத்து வந்த ஈரக் காற்றுத் திரள் நம் மலைகளுக்கிடையே மழையைக் கொட்டியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும், பக்கத்து அரூரில் 33 சென்டிமீட்டரும் பதிவாயின. ஊத்தங்கரையில் ஓராண்டில் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் பெய்துவிட்டது! கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது பாதுகாப்பாகாது. புயல் கரை கடந்த பின்னும் இரண்டு மூன்று நாட்கள் வானிலை அறிவிப்பைக் கேட்டுவர வேண்டும்.

தையில் கடல் ஈரம் குன்றி, வடக்கின் வறண்ட காற்று மேலோங்கும். பகலில் வெயில், இரவில் குளிர், விடியலில் பனி. பனி நீர் இலையில் நெடுநேரம் தங்கும் நெல் வயல்களில் குலை நோயைக் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வடமேற்கின் வறண்ட வெப்பக் காற்றும் வங்கக் கடலின் ஈரக் காற்றும் சந்திக்கும் இடத்தில் சூறையுடன் கோடை மழையும், சில ஆண்டுகளில் ஆலங்கட்டியும் வரும். வாழைக்கு முட்டுக் கொடுப்பதை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இப்பகுதி வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு இரண்டு காற்றுமே பகை. ஆடிக் காற்று இலையைக் கிழித்து ஈரத்தை வாங்கும். ஆகவே மேற்கு ஓரத்தில் அகத்தியை நெருக்கமாக விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக் காற்றில் வாடல் நோய் பரவும். வடிகால் வாய்க்காலைப் புரட்டாசியிலேயே தூர் வாரி ஆழப்படுத்தி, நோய் கண்ட கொடிகளை வேருடன் அகற்றி எரித்துவிட்டு, சுற்றியுள்ள கொடிகளின் வேர்ப்பகுதியில் போர்டோ கலவையை ஊற்ற வேண்டும்.